கையெழுத்து யாருடையது?

புதுச்சேரி நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் துணைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் கற்றுக்கொண்டது இது.

அத்தைக்குப் பித்தப்பைக் கல். தனியார் மருத்துவமனை. முந்தின நாள் மாலை நர்ஸ் ஆங்கிலப் படிவம் ஒன்றை என்னிடம் நீட்டினார். "போடுங்க சார், எல்லாரும் போடுறதுதான்." அத்தையோ கட்டிலில் உட்கார்ந்து யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "வயிறு அத்தையோடது, கையெழுத்து மட்டும் என்னோடதாம்மா?" என்றேன். டாக்டர் வந்தார். சின்னத் துளை போட்டு எடுப்போம், முடியாவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டிவரும் என்று தமிழிலேயே விளக்கினார். "தொறந்தா எத்தன நாளு படுக்கணும் டாக்டர்?" என்று அத்தை கேட்டார். எனக்குத் தோன்றாத கேள்வி. கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அவரே கையெழுத்துப் போட்டார்.

இது வீம்பு இல்லை. டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்குத்தான் சம்மதித்திருந்தார். மயக்கத்தில் இருந்தபோது அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். உடனே எடுக்காவிட்டால் உயிர் போகும் என்ற நிலை இல்லை. அதனால் அம்மாவின் சம்மதம் செல்லாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. என்ன செய்யப்போகிறார்கள், எதற்கு, வேறு வழி உண்டா, முக்கிய ஆபத்துகள் என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்று நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும். அரிதிலும் அரிதான ஆபத்துகளை அடுக்கிப் பயமுறுத்த வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நியாயம்தான். நஷ்டஈடு வெறும் 25,000 ரூபாய் என்பதுதான் எனக்கு உறுத்தல்.

பிரான்சில் இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கு இதில் கூடுதல் வசதி. நோயாளிக்கு விளக்கிச் சொன்னதை டாக்டர்தான் நிரூபிக்க வேண்டும் என்று அங்கே 1997-லேயே தீர்ப்பாகிவிட்டது.

கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ரவுண்ட்ஸ் அவசரத்தில் பாதி மறந்துபோகும். நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வேண்டாம். நினைவில்லாமல், உயிருக்குப் போராடும் நிலையில் கொண்டுவந்திருந்தால் மட்டும் வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள்.

கட்டண விவரத்தை உள்ளூர் மொழியிலும் எழுதி வைக்கச் சொல்லும் மத்தியச் சட்டம் புதுச்சேரிக்கும் பொருந்தும்; சுவரில் தேடுங்கள், இல்லையென்றால் கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆனபின் சிகிச்சைப் பதிவுகள் தேவைப்பட்டால் எழுத்தில் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதிப்படி 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.