விளையாட்டுப் பெட்டியும் வியாபார மஸ்அலாவும்

துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த சகோதரர் ஒருவர், தம் மகனுக்காக பிளேஸ்டேஷன் 5 என்னும் வீடியோ விளையாட்டுக் கருவியை வாங்கி வந்திருந்தார். அஸருக்குப் பின் நாம் அவர் வீட்டுக்குப் போனபோது பெட்டி திறக்கும் நேரம். கருவி, கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர், தொலைக்காட்சியோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கம்பி, மின்கம்பி, சார்ஜ் ஏற்றும் யு.எஸ்.பி. கம்பி, கருவியை நிறுத்தி வைக்கும் பீடம் என்று ஒவ்வொன்றாகப் பையன் பாயில் பரப்பினான். பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த பட்டியலை அவனுடைய உம்மா வாசித்துச் சரிபார்த்தார்.

"ஹஜ்ரத், இதுக்குக் காசு கொடுத்தாச்சு. இப்போ இன்னும் ஐந்நூறு ரூபாய் கேட்கிறான். ஆட்டத்துக்குள்ளே வேறொரு பெட்டி வாங்கணுமாம். அது என்ன கணக்கு?" என்றார் சகோதரர்.

நல்ல கேள்வி. ஆடுவது கூடுமா என்று கேட்பவர்கள் பலர். தொழுகை வக்தும் ஆட்டத்தின் உள்ளடக்கமும் பற்றி அவர்களுக்குப் பலமுறை சொல்லியாயிற்று. இதைக் கேட்பவர்கள் குறைவு.

முதலில் பாயில் கிடக்கும் பெட்டியைப் பார்ப்போம். விலை தெரியும், உள்ளே இருப்பது இன்னதென்று வெளியே எழுதியிருக்கிறது. வியாபாரம் நிறைவேறியது. திறந்து பார்த்ததில் பொருளில் பழுது இருந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதை 'கியாருல் அய்பு' என்று ஃபிக்ஹு கிதாபுகளில் ஓதுகிறோம். ஷாஃபிஈ மத்ஹபில் பழுது தெரிந்தவுடன் தாமதமின்றித் திருப்ப வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் அந்த அவசரம் நிபந்தனையல்ல. ஆனால் பழுது தெரிந்த பிறகும் தன் உபயோகத்துக்கு வைத்து ஆடிக்கொண்டிருந்தால், பொருந்திக் கொண்டதாகவே கருதப்பட்டு உரிமை போய்விடும். அந்த உம்மா பட்டியலை வாசித்தது வெறும் ஆசையினால்தான் என்றாலும் மஸ்அலாவுக்குப் பொருத்தமான காரியம்.

இனி இரண்டாவது பெட்டி. இது திரையில் தோன்றும் பெட்டி. 'லூட் பாக்ஸ்' என்றும், கால்பந்து ஆட்டங்களில் 'பேக்' என்றும் சொல்கிறார்கள். காசு கொடுத்த பிறகே அது திறக்கும். உள்ளே பெயர்பெற்ற ஆட்டக்காரர் வரலாம். ஏற்கெனவே பத்துப் பேராய்க் குவிந்து கிடக்கும் சாமானியரும் வரலாம். விரும்பியது வராவிட்டால் மறுபடியும் காசு.

ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகள் ஒட்டகத்தை அறுத்து, பத்து அம்புகளைப் பையிலிட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு. மூன்று வெறும் அம்புகள். வெறும் அம்பு வந்தவன் விலையைச் சுமப்பான். வென்றவன் இறைச்சியை ஏழைகளுக்கே கொடுத்துவிடுவதும் உண்டு. அப்படியிருந்தும் அது 'மைஸிர்' என்று தடுக்கப்பட்டது.

"எப்படியும் ஏதாவது ஒன்று கிடைக்கிறதே, இது எப்படிச் சூதாகும்?" என்பார்கள். அமெரிக்காவில் விளையாட்டுகளுக்குத் தரம் குறிக்கும் ஈ.எஸ்.ஆர்.பி. என்ற அமைப்பு 2017இல் சொன்ன வாதமும் இதுதான். நம்முடைய ஃபிக்ஹில் இந்த வாதம் நிற்காது. சூது என்ற பெயரை ஒதுக்கி வைத்தாலும் 'ஙரர்' என்ற பூட்டு இருக்கிறது. நீரில் நீந்தும் மீனையும் வானில் பறக்கும் பறவையையும் விற்பது கூடாது என்பது இந்த அடிப்படையில்தான். எதற்கு விலை கொடுக்கிறோம் என்பது வாங்குபவனுக்குத் தெரியாத இடத்தில், ஏதோ ஒன்று கைக்கு வருவதால் வியாபாரம் செல்லுபடியாகிவிடாது.

சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டென்டோ ஆகிய மூன்று நிறுவனங்களும், இன்ன பொருள் வர எவ்வளவு வாய்ப்பு என்பதை விளையாட்டுகள் வெளியிட வேண்டும் என்று 2019இல் ஏற்றுக்கொண்டன. நல்லதுதான். ஆனால் நூற்றில் ஒன்று என்று தெரிவது, உள்ளே இருப்பது தெரிவதாகாது. லாட்டரிச் சீட்டிலும் இந்தக் கணக்கைப் போடலாம்.

இது மௌலவிமார்களின் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் ஃபிஃபா 18, ஓவர்வாட்ச் முதலிய ஆட்டங்களின் கட்டணப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. அடுத்த ஆண்டு ஈ.ஏ. நிறுவனம் அந்நாட்டில் ஃபிஃபா புள்ளிகள் விற்பதை நிறுத்தியது. நெதர்லாந்தில் அதே நிறுவனத்துக்கு விதித்த ஒரு கோடி யூரோ அபராதத்தை 2022இல் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் ரத்துச் செய்ததையும் மறைக்கக் கூடாது. துனியாச் சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும்.

பையனுக்கு வயது பதினொன்று. பருவமடையாத பிள்ளையின் வாங்கல் ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாது. விவரமறிந்த பிள்ளையானால் ஹனஃபீ மத்ஹபில் அது வலீயின் அனுமதியைப் பொறுத்தது. எப்படிப் பார்த்தாலும் கேள்வி கணக்கட்டைக்குச் சொந்தக்காரரான வாப்பாவிடம்தான் வந்து நிற்கிறது. பிள்ளைக்குத் தனிக் கணக்குத் தொடங்கி, மாதச் செலவு வரம்பைப் பூஜ்யம் என்று வைக்க அந்தக் கருவியிலேயே வழியுண்டு. சகோதரரிடம் அதைச் சொன்னோம்.

பையன் விடவில்லை. "ஜெயிச்சா காசு இல்லாமலே சில பெட்டி தருவாங்க ஹஜ்ரத். அது?" என்றான்.

விலையில்லாத இடத்தில் வியாபாரமும் இல்லை, பணயமும் இல்லை. அதைத் திறந்துகொள் என்றோம். மஃரிபுக்கு நேரம் நெருங்கியதால், மின்கம்பியைச் செருகுவதைத் தொழுகைக்குப் பின் வைத்துக்கொண்டு மூவரும் பள்ளிக்குப் புறப்பட்டோம்.