லோக்கீலும் டர்னரின் தூரிகையும்

'உல்லின் பிரபுவின் மகள்' என்னும் ஆங்கிலக் கவிதையை நம்மில் பலர் படித்திருப்போம். அதை இயற்றிய தாமஸ் காம்ப்பெல் (1777–1844) ஸ்காட்லாந்துக் கவிஞர். 1802-இல் வெளிவந்த 'லோக்கீலுக்கு எச்சரிக்கை'யும் அவருடையதே. வருவதை முன்னறியும் முதியவர் ஒருவர், போருக்குப் புறப்படும் மலைநாட்டுத் தலைவன் லோக்கீலைத் தடுக்கிறார். அழிவு கண்முன் தெரிகிறது என்கிறார். அவனோ கேட்பதாயில்லை. வெற்றி, இல்லையேல் வீரமரணம் என்று சூளுரைக்கிறான். போர் தொடங்குமுன்பே கவிதை முடிந்துவிடுகிறது.

இதற்குச் சித்திரம் தீட்டியவர் புகழ்பெற்ற ஓவியர் டர்னர். 1837-இல் எட்வர்ட் மாக்ஸன் வெளியிட்ட காம்ப்பெல் கவிதைத் தொகுதிக்காக அவர் 20 சிறிய நீர்வண்ண ஓவியங்கள் வரைந்தார். அவற்றுக்குச் சட்டமுமில்லை, ஓரக்கோடுமில்லை. வண்ணம் மெல்ல மெல்ல மங்கி வெள்ளைத் தாளோடு கலந்துவிடும். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது பெரும்பாலும் தீட்டாமல் விட்ட தாள்தான். சித்திர வகுப்பில் தாள் முழுவதையும் நிரப்பத் துடிக்கும் நமக்கு இது சற்றுக் கடினமான பாடமே! எட்வர்ட் குடால் இவ்வோவியங்களை எஃகுத் தகட்டில் செதுக்கினார். ஆதலால் நூலை வாங்கியோர் கண்டது கறுப்பு வெள்ளைக் கோடுகளையே. வண்ண மூலம் எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

இனி, உண்மை லோக்கீலைக் காண்போம். அவர் பெயர் டொனால்டு கேமரன். 1745-இல் அரியணையை மீட்க வந்த இளவரசர் சார்லஸ் எட்வர்டிடம், பிரெஞ்சுப் படையின்றிப் போரிடுவது வீண், திரும்பிச் செல்லுங்கள் என்று முதலில் அறிவுரை கூறியவரே அவர்தாம். கவிதையில் முதியவர் பேசும் பேச்சை வரலாற்றில் லோக்கீலே பேசியிருக்கிறார்! இது நம்மை வியக்க வைத்தது. ஆயினும் விசுவாசம் வென்றது. ஆகஸ்டு 19-இல் தம் குலத்தாருடன் கிளென்பின்னனில் வந்து சேர்ந்தார்.

1746 ஏப்ரல் 16 அன்று கலோடன் போர் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. இரு கணுக்கால்களிலும் குண்டடிபட்ட லோக்கீலை அவர் ஆட்கள் தூக்கிச் சென்று காப்பாற்றினர். பின்னர் பிரான்சுக்குத் தப்பி, 1748-இல் அங்கேயே இறந்தார். வெற்றியும் இல்லை, வீரமரணமும் இல்லை. இயேசு சபைக் குருவான அவருடைய சகோதரர் அலெக்சாந்தர் 1746-இலேயே சிறைக் கப்பலில் உயிர்விட்டார். அக்னகேரியிலிருந்த குடும்ப இல்லம் தீக்கிரையாயிற்று. குலத்தாரின் குடிசைகளும் எரிந்தன, கால்நடைகள் பறிபோயின. பறிமுதலான நிலங்கள் 1784-இல்தான் அக்குடும்பத்துக்குத் திரும்பின.