பட்டனை அமுக்கும் முன்பே பழுது தெரியட்டும்

ஸ்பீக்கர் பழுதானால் பிளாட்பாரத்தில் நிற்கும் யாராவது சொல்லிவிடுவார்கள். பதிவு செய்த அறிவிப்பு நாள் முழுக்க ஓடுவதால் ஆம்ப்ளிஃபையர் கோளாறும் சீக்கிரம் வெளிப்படும். அவசர மைக் அப்படியில்லை. மாதக்கணக்கில் யாரும் தொடாமல் கிடக்கும். கொல்கத்தாவில் ஒலிபெருக்கிப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தால் உங்கள் முதல் கவனம் அங்கே இருக்கட்டும்.

2024 மார்ச்சில் திறந்த ஹவுரா மைதானம்–எஸ்பிளனேடு மெட்ரோ தடத்தையே பாருங்கள். ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் சுரங்கம் 520 மீட்டர் நீள்கிறது. ஹவுரா நிலையமோ தரைக்குக் கீழே 30 மீட்டருக்கு அருகில். அத்தனை ஆழத்தில், துர்கா பூஜைக் கூட்டத்தில், எந்தப் படிக்கட்டு வழியாக வெளியேறுவது என்பதை அந்தந்தக் கணத்தில் ஆள்தான் மைக்கில் சொல்ல வேண்டும்.

எந்த வளாகத்துக்குப் போனாலும் முதலில் கேளுங்கள்: அவசர மைக்கின் பழுதுக் கண்காணிப்பு எதுவரை போகிறது? மைக் பெட்டியோடு தகவல் தொடர்பு இருந்தாலே சில பேனல்கள் பச்சை விளக்கு காட்டும். உள்ளே ஒலியைப் பிடிக்கும் காப்சூலின் கம்பி அறுந்திருக்கலாம். குரல்வழி எச்சரிக்கைக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 54-16, அவசர மைக்கில் காப்சூல் வரைக்கும் கண்காணிப்பை எதிர்பார்க்கிறது. பழுது 100 விநாடிக்குள் பேனலில் தெரிய வேண்டும்.

எலக்ட்ரெட் மைக் என்றால் அது இழுக்கும் மின்னோட்டத்தை அளப்பார்கள். டைனமிக் மைக் என்றால் சுருளின் மின்தடையை. இரண்டும் மின்சுற்றை மட்டுமே பார்க்கும். காப்சூலைத் தூசு அடைத்தால் தெரியாது. பக்கத்திலேயே ஒரு சிறு ஒலிப்பானை வைத்து, அதன் ஒலி மைக்குக்குக் கேட்கிறதா என்று சோதிக்கும் முறை அதையும் பிடித்துவிடும். செலவு கூடினாலும் அவசர மைக்குக்கு அதையே கேளுங்கள். பேசும் பட்டனை அமுக்காதபோதும் கண்காணிப்பு நடக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

பழுது என்று எச்சரிப்பதற்கான அளவு வரம்பை ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். கொல்கத்தாவின் ஆடி மாத ஈரத்தில் கனெக்டர்கள் களிம்பேறும். ஜனவரி வறட்சியில் எடுத்த அளவு ஜூலையில் மாறும். இரண்டு பருவத்திலும் அளந்து எழுதிவையுங்கள். வரம்பை நெருக்கி வைத்தால் பொய் எச்சரிக்கை ஓயாது. சலித்துப்போன ஊழியர் பஸ்ஸரை அணைத்துவிடுவார். அதன்பின் உண்மையான பழுதும் அவர் காதில் விழாது.

பிறகு நீங்களே பழுதை உண்டாக்குங்கள். கேபிளைப் பிடுங்குங்கள். இரு கம்பிகளையும் ஒன்றுசேர்த்துவிடுங்கள். கேபிள் சரியாக இருக்க, காப்சூலை மட்டும் கழற்றுங்கள். மூன்றாவதில்தான் பல அமைப்புகளின் குட்டு வெளிப்படும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை விநாடியில் விளக்கு எரிந்தது என்று குறித்து, மேலாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அடுத்த நேர்காணலில் அந்தத் தாள் சான்றிதழைவிட அதிகம் பேசும்.

கொஞ்சம் வங்காளமும் பழகுங்கள். பழுதைக் காட்டும் மஞ்சள் விளக்கை முதலில் பார்ப்பவர் இரவு ஷிஃப்ட் ஊழியர். அவர் தயங்காமல் உங்களை அழைக்க வேண்டும். சோதனைகளையெல்லாம் துர்கா பூஜைக்கு முன் வரும் மகாளயத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். பூஜை தொடங்கிவிட்டால் பேனலைத் திறக்க யாரும் விடமாட்டார்கள்.