ஜீவனாம்சம் கேட்கப் போகிறீர்களா?

"சம்பளத்தில் பாதி கிடைக்கும்" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அப்படி ஒரு சட்டமே இல்லை. 2017-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயம் என்றது. அதுவும் எல்லா வழக்குக்கும் பொருந்தும் கணக்கல்ல.

1. கணவரின் வருமானத்துக்கு ஆதாரம் சேருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் வேலை என்றால் சம்பளச் சீட்டு, பி.எஃப். விவரம் போதும். ஆர்.கே.பேட்டையில் சொந்த விசைத்தறி என்றால்தான் சிக்கல். 'வருமானமே இல்லை' என்று எளிதாகச் சொல்லிவிடலாம். மின் கட்டண ரசீது, நூல் வாங்கிய பில், தறிக்கூடப் போட்டோ கைவசம் இருக்கட்டும்.

2. வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவை மாதவாரியாக எழுதுங்கள். தேவையையும் பார்த்தே தொகை முடிவாகும்.

3. உங்கள் சம்பளத்தை மறைக்காதீர்கள். உச்ச நீதிமன்றத்தின் 2020 ரஜ்னேஷ் – நேஹா வழக்குத் தீர்ப்புப்படி இருவருமே சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். வேலைக்குப் போவதாலேயே உரிமை போய்விடாது.

4. மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். அதே தீர்ப்புப்படி, மனு போட்ட தேதியிலிருந்துதான் ஜீவனாம்சம் கணக்காகும்.

5. வக்கீல் ஃபீஸுக்குத் தயங்கினால் திருவள்ளூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது.

6. மொத்தத் தொகைக்குச் சம்மதித்தால் பிள்ளைகளின் பங்கைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். அது அவர்கள் உரிமை. நீங்கள் விட்டுக்கொடுக்க முடியாது.