பட்டி வெட்ட எந்த ஸ்கேல்?

கேள்வி: குயில்ட் தைக்க இரண்டரை அங்குலப் பட்டிகள் நிறைய வேண்டும். ஸ்லாட் வைத்த அக்ரிலிக் ஸ்கேல் வாங்கலாமா?

பதில்: நிறைய என்றால் தாராளமாக வாங்குங்கள். நாலைந்து பட்டிக்குச் சாதா ஸ்கேலே போதும். ஸ்லாட் ஸ்கேலை ஒருமுறை வைத்தால், நகர்த்தாமலே வரிசையாக வெட்டிக்கொண்டு போகலாம்; லாபம் அதுதான்.

கடையில் முதலில் ஸ்லாட்டின் நீளத்தைப் பாருங்கள். குயில்ட் துணியின் பன்னா சுமார் 44 அங்குலம். இருமுறை மடித்தால் 11. ஸ்லாட் 12 அங்குலமாவது இல்லையென்றால் ஓரம் அறுபடாமல் நிற்கும், அப்புறம் கத்தரிக்கோலைத் தேட வேண்டியதுதான். அரை அங்குலத்துக்கு ஒரு ஸ்லாட் இருந்தால் உங்கள் அளவுக்குச் சரி.

ஸ்லாட் எப்போதும் பிளேடைவிடச் சற்று அகலமாகவே இருக்கும். ரோட்டரி கட்டரை ஒவ்வொரு முறையும் ஒரே பக்க விளிம்பை ஒட்டியே ஓட்டுங்கள். மாற்றி மாற்றி ஓட்டினால் பட்டிக்குப் பட்டி நூலளவு பிசகும்; பல பட்டிகளை இணைத்த பிறகு அது பளிச்சென்று தெரியும். துணியின் மடிப்பும் ஸ்கேலின் குறுக்குக் கோட்டோடு பொருந்தியிருக்க வேண்டும். சாய்ந்திருந்தால், விரித்த பட்டி மடிப்பு விழுந்த இடத்தில் முழங்கை மாதிரி வளைந்து நிற்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்கேலும் அதைத் தடுக்காது. முதல் பட்டியை விரித்துப் பார்த்துவிட்டு மற்றதை வெட்டுங்கள்.