கஞ்சமலை இரும்பும் யார்க்டவுன் தளபதியும்

கேள்வி: அமெரிக்கா தொழில்நாடாக வளரத் தொடங்கிய அதே காலத்தில், கஞ்சமலையில் இரும்பை வைத்திருந்த நம் சேலம் ஏன் அப்படி வளரவில்லை?
– வாசகி, ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: இரண்டு கதையிலும் வருபவர் ஒரே ஆள்தான். அமெரிக்க விடுதலைப் போரில், 1781இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்ற ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸ், 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து சேலத்தையும் பாராமகால் பகுதியையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாங்கினார். அங்கே விட்டதை இங்கே பிடித்தார்!

அங்கே நிதியமைச்சர் ஹாமில்டன் 1791இலேயே உள்நாட்டுத் தொழிலைக் காக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். 1816இல் இறக்குமதித் துணிக்கும் இரும்புக்கும் காப்பு வரி வந்தது. இங்கே வந்த கலெக்டர் ரீடும் உதவியாளர் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை போட்டார்கள். சொந்தச் சட்டசபை இருந்த ஊருக்கும் வசூல் கச்சேரி மட்டும் இருந்த ஊருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். (அமெரிக்காவை ரொம்பவும் மெச்ச வேண்டாம். அந்த ஆலைகளுக்குப் போன பஞ்சு அடிமைகள் பறித்தது. விரிந்த எல்லை பூர்வகுடிகளிடம் பறித்தது.)

முயற்சியே இல்லை என்றும் சொல்ல முடியாது. கம்பெனி வேலையை விட்ட ஜோசையா ஹீத், 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்தார். கஞ்சமலைக் கல் காவிரி வழியே பரிசலில் போனது. உலைக்கு நிலக்கரி கிடையாது, விறகுக்கரிதான். காடு தேயத் தேய செலவு ஏறியது. கம்பெனி கடன் கொடுத்தும் ஆலை நிலைக்கவில்லை.

கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டியது 1970இல், நமக்கென்று ஓர் அரசு வந்த பிறகு.