சிறுவாடு கற்பித்த பாடம்

பொருளியல் பயிலும் மாணவன் நான். நாட்டின் வரவு செலவுத் திட்டம் பற்றி நான்கு பக்கம் எழுதச் சொன்னால் தயங்காமல் எழுதுவேன். ஆனால், என் சட்டைப்பையின் வரவு செலவை நான் அறியேன். தலைநகருக்கு வந்த முதல் ஆண்டிலேயே கடன் அட்டையில் 10,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கினேன். கட்டவேண்டிய மிகக் குறைந்த தொகையை மட்டும் மாதந்தோறும் கட்டினேன். கடன் கரையவில்லை.

2025 பிப்ரவரி 24 முதல் 28 வரை ரிசர்வ் வங்கி நிதிக் கல்வி வாரம் நடத்தியது. அவ்வாண்டு அது பெண்களின் வளத்தை மையமாகக் கொண்டது. அவ்வேளையில், பெண்களுக்கென எழுதப்பட்ட எளிய குறிப்புகள் சிலவற்றை என் தமக்கையார் அனுப்பினார். “பெண்களுக்கான அறிவுரை எனக்கெதற்கு அக்கா?” என்றேன். “படித்துவிட்டுப் பேசு தம்பி” என்றார். படித்தேன், நாணினேன்.

முதற்பாடம்: கடன் வாங்குமுன் அதன் விலையைக் கேள். மாதம் 3.5 விழுக்காடு வட்டி சிறிதெனத் தோன்றும். ஆனால் 10,000 ரூபாயைக் கட்டாமல் விட்டால், ஓராண்டில் வட்டிக்கு வட்டி ஏறி 15,000 ரூபாயைத் தாண்டும். தண்டத்தொகை வேறு!

இரண்டாம் பாடம்: செலவு போக மிஞ்சியதைச் சேமிக்காதே, சேமித்தது போக மிஞ்சியதைச் செலவிடு. மாதம் 500 ரூபாயைத் தொடர் வைப்பில் இட்டால் ஆண்டில் 6,000 ரூபாய், வட்டி தனி.

மூன்றாம் பாடம்: சேமிப்பு உன் பெயரிலேயே, வங்கியில் இருக்கட்டும். நம் அன்னையர் அரிசிப்பானையில் சிறுவாடு சேர்த்தனர். 2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டபோது, அந்த இரகசியச் சேமிப்பு எத்தனையோ இல்லங்களில் வெளிப்பட்டது. வங்கியில் இட்ட பணத்திற்கோ, 2020 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.

பெண்களுக்கென எழுதியது எனக்கு ஏன் பொருந்தியது? சிறிய வருவாய், நிலையற்ற வருவாய், கேட்க வெட்கம்: இம்மூன்றையும் உணர்ந்து எழுதப்பட்டவை அக்குறிப்புகள். மாணவர் நிலையும் அதுதானே?

எட்டு மாதங்களில் கடனை அடைத்தேன். நண்பர்களே, இன்றே ஒரு சிறு ஏடு வாங்குங்கள். முதல் வரியில் சேமிப்பை எழுதுங்கள். தேநீர்க் கணக்கு அதன்கீழ் வரட்டும்.